லுட்டைட்டுகள் மெஷினுக்குப் பயந்தவர்களா?
"ஏஐ வேண்டாம் என்பவர்கள் அந்தக் கால லுட்டைட்டுகள் மாதிரி, புது மெஷினைப் பார்த்தாலே பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஐ பற்றி உங்கள் கருத்து எப்படியும் இருக்கட்டும், வரலாறு அப்படியில்லை.

லுட்டைட்டுகள் என்பவர்கள் 1810-களில் இங்கிலாந்தில் மெஷின்களை உடைத்த ஜவுளித் தொழிலாளர்கள். 1811-ல் அங்கே நாட்டிங்ஹாம்ஷயரில் உடைபட்டவை பெரும்பாலும் காலுறை பின்னும் தறிகள். அது புது மெஷினே இல்லை. 1589-லேயே வில்லியம் லீ உருவாக்கியது. உடைத்தவர்களுக்கே அதுதான் பிழைப்பு. பிறகு என்ன கோபம்? சில முதலாளிகள் அகலத் தறியில் துணியாகப் பின்னி, காலுறை வடிவில் வெட்டி, ஓரம் தைத்து விற்றார்கள். தையல் விட்டால் காலுறையே பிரிந்துவிடும். இந்த மட்டச் சரக்கால் தொழிலின் பேரும் கெட்டது, கூலியும் இறங்கியது. முறையாகத் தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்தது வேறு. அதனால் சரியான கூலி கொடுத்தவரின் தறியைத் தொடாமல் விட்டதும் உண்டு.

யார்க்‌ஷயர் கதை வேறு, சரி. அங்கே கம்பளித் துணியைக் கத்தரித்துச் சீராக்கும் இயந்திரம் நிஜமாகவே ஆட்களின் வேலையைப் பறித்தது. அதை வெறும் பயம் என்று எப்படித் தள்ளுவது? 1812-ல் தறி உடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதா வந்தபோது கவிஞர் பைரன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசினார். வறுமைதான் இவர்களை இந்த நிலைக்குத் தள்ளியது என்பதே அவர் வாதம்.