நோட்டில் காலியாகக் கிடக்கும் நாள்கள்

பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பாலத்துக்குத் தெற்கே தென்கடல் கொந்தளிக்கும், வடக்கே வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் அப்படியே மாறிவிடும்.

போன கச்சானில் நான் ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் போனில் வந்த அலை உயர முன்னறிவிப்பு. வலப்பக்கம், வள்ளத்தில் போய்வந்த சித்தப்பா கரையேறியதும் சொன்னது. "இடுப்பளவுதான்டா." "அணியம் தண்ணிக்குள்ள போய் வந்துச்சு." (அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம்.) சில வாரத்தில் ஒன்று பிடிபட்டது. முன்னறிவிப்பு கண்டபடி தவறுவதில்லை. கச்சானில் வடகடலுக்கு எப்போதும் கொஞ்சம் கூட்டியே சொல்கிறது.

காரணம் இருக்கிறது. அலைக் கணிப்பு இயற்பியல் சமன்பாடுகளில் நடக்கிறது. காற்று தண்ணீருக்கு எவ்வளவு ஆற்றல் தருகிறது, அலை உடையும்போது எவ்வளவு போகிறது, அடித்தரை உரசி எவ்வளவு குறைகிறது என்று கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள். கட்டம் பெரிதாக இருந்தால் தீவின் மறைவும் மணல்திட்டும் அதில் கரைந்துபோகும். எங்கள் வடகடலான பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல், அங்கே இது பெரிய விஷயம். ஆனால் ஒரே பக்கமாக வரும் தவறைப் புள்ளியியல் எளிதாகக் கற்றுத் திருத்திவிடும்.

அப்படியென்றால் சமன்பாடே வேண்டாம், பழைய தரவை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. என் நோட்டையே பாருங்கள். சித்தப்பா கடலுக்குப் போகாத நாள்களில் வலப்பக்கம் காலி. கடல் மிக மோசமாக இருந்த நாள்கள் அவைதான். இந்த நோட்டை மட்டும் படித்த கணக்குக்கு நம் கடல் எப்போதும் சாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குள் ஏறிய தண்ணீரை, அதற்கு முந்தைய சாதாரண வருடங்களின் சராசரி எப்படிச் சொல்லியிருக்கும்? புயல்காற்று ஆழமற்ற கடலில் தண்ணீரைக் குவிக்கும் என்பது சமன்பாட்டுக்குத்தான் தெரியும்.

இரண்டையும் சேர்க்க வழி புதிதல்ல. 1960இல் பொறியாளர் ருடால்ஃப் கால்மன் எழுதிய வடிகட்டி முறை இதற்குத்தான்: கணிப்பை எவ்வளவு நம்பலாம், அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பது. அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டியதும் இந்த முறைதான்.

எடைபோட நம் பக்கத்து அளவு வேண்டுமே! ஒவ்வொரு படகுத்துறையிலும் இப்படி ஒரு நோட்டு வேண்டும் என்று கேட்கிறேன். வாடைக்குப் புது நோட்டு வாங்கிவிட்டேன். சித்தப்பாவிடம் காலி நாள்களைப் பற்றிச் சொன்னதும், "போகலேன்னும் எழுது. கரையில நின்னு பாத்ததைச் சொல்றேன்" என்றார்.