ஒகையோ ஸ்டேட்டின் பருவம் அன்றோடு முடியவில்லை
2024 நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 எனத் தோற்றதோடு, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரி அணியான ஒகையோ ஸ்டேட்டின் பருவம் முடிந்தது என்றும், ரசிகர்கள் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தது வீண் என்றும் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. கல்லூரி அணிகளின் பட்டத்தை முடிவுசெய்யும் இறுதிச் சுற்றுகளான பிளேஆஃப் அந்த ஆண்டுதான் 4 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிந்ததால், இரண்டு தோல்விகளோடும் அவ்வணிக்கு இடம் கிடைத்தது. டிசம்பர் 21 அன்று அதே கொலம்பஸ் மைதானத்தில், கடுங்குளிரில், டென்னசி ரசிகர்களின் ஆரஞ்சு நிறம் இருக்கைகளில் பரவிக் கிடந்தபோதும், முதல் கால்பகுதியிலேயே 21-0 என முன்னேறி டென்னசி அணியை 42-17 என வென்றது. அக்டோபரில் ஒரே புள்ளியில் தன்னை வென்றிருந்த ஓரிகனையும், பிறகு டெக்சஸையும் தாண்டி, 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என வீழ்த்திப் பட்டமும் பெற்றது. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காம் ஆண்டாகத் தோற்ற ஆற்றாமை வேறு கணக்கு. அதை எந்த ரசிகரும் மறுக்கமாட்டார்.