ஸ்டேஷன் வரைக்கும் ஐந்து கிலோமீட்டர்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா எனக்கு அறிவுரை சொன்னார். பெட்ரோல் விலையைப் பற்றி முதலில் வாயைத் திறந்தது நான்தான், தப்பு என்னுடையது. "இவ்வளவு புலம்புகிறவள் பேசாமல் ரயிலில் போய்விடலாமே அம்மா? நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகவில்லையா?" என்றார். பாயசம் ஊற்ற ஆள் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. கை கழுவிவிட்டு வெளியே வந்தால், அவருடைய டிரைவர் மண்டப வாசலில் ஏசியைப் போட்டபடி காரை ஓடவிட்டு வைத்திருக்கிறார். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சித்தப்பா முகநூலில் இல்லை. அந்தத் தைரியம்.

நான் இருப்பது தாம்பரத்துக்குக் கிழக்கே, ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி. வேலை எழும்பூரில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். ஸ்கூட்டரில் போனால் ஒரு வழிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நெரிசலில் என் வண்டி லிட்டருக்கு 40 கொடுத்தால் பெரிய விஷயம். ஆக, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், 150 ரூபாய்க்கு மேல். அதே தூரத்துக்குச் சாதாரண மின்சார ரயிலில் டிக்கெட் 10 ரூபாய். போக வர 20. சீசன் எடுத்தால் இன்னும் குறைவு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு இது. கணக்குப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்குப் புரியாமலா வாரத்தில் மூன்று நாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் புகையைக் குடிக்கிறேன்?

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, விலை, தொகை மூன்றையும் அதில் எழுதி வைப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். 2021 ஜூலை முதல் வாரத்தில் சென்னையில் பெட்ரோல் முதன்முறையாக 100 ரூபாயைத் தாண்டிய அன்றுதான் அதைத் தொடங்கினேன். அடுத்த மாதமே மாநில பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஆகஸ்ட் 14ஆம் தேதி 99 ரூபாய் 47 காசு. அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வட்டம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

நோட்டைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கும். 2017 ஜூன் 16ஆம் தேதி முதல் பெட்ரோல் விலை தினமும் மாறும் என்று சொன்னார்கள் அல்லவா? 2021 நவம்பர் தொடக்கத்தில் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்த பிறகு, 2022 மார்ச் 22 வரைக்கும் எண்ணெய் நிறுவனங்கள் ஒரு காசு ஏற்றவில்லை, இறக்கவில்லை. நடுவில் உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலங்களில் தேர்தல். அது முடிந்ததும் 16 நாளில் 14 முறை ஏற்றி, லிட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் என் நோட்டில் இருக்கும் விலை 110 ரூபாய் 85 காசு. பிறகு மே மாதம் வரிக் குறைப்பு, 102 ரூபாய் 63 காசு. அடுத்த அசைவு 2024 மார்ச் 15, இரண்டு ரூபாய் குறைப்பு. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். உலகச் சந்தை, கச்சா எண்ணெய், டாலர் மதிப்பு என்று தொலைக்காட்சியில் விளக்குகிறவர்கள் வாக்குச் சாவடியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கச்சா எண்ணெய் விலை விழுந்தால் நமக்குக் குறையும் என்று நம்புகிறவர்களுக்கு 2020 மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். ஊரடங்கில் உலகமே வண்டியை நிறுத்தி வைத்திருந்தது. எண்ணெயை வாங்க ஆளில்லை. அப்போதுதான் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. தமிழக அரசும் அதே மாதம் வாட் வரி மூலம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. இரண்டு அரசுகளும் இந்தப் பந்தியில் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டன.

இதற்கெல்லாம் எங்கள் பக்கம் யாரும் தெருவுக்கு வரவில்லை. 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை ஒரே இரவில் ஏற்றியபோது கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராக மறியல் செய்தார்கள்; சில நாளில் அரசு கொஞ்சம் குறைத்தது. அதன்பிறகு பல ஆண்டுகளுக்கு அந்தக் கட்டணத்தில் கைவைக்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெட்ரோல் அப்படியில்லை, காசு காசாக ஏறும். போதாததற்கு நாம் அதை லிட்டரில் வாங்குவதும் இல்லை. பங்கில் போய் "இருநூறுக்குப் போடுங்கள்" என்போம். "ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்" என்பார் அங்கே வேலை செய்யும் தம்பி. ஜீரோவைப் பார்ப்போம், இருநூறில் நிற்கிறதா என்று பார்ப்போம், நடுவில் ஓடுகிற லிட்டரைப் பார்க்க மாட்டோம். விலை ஏறினாலும் கையை விட்டுப் போவது அதே இருநூறுதான். முள் மட்டும் ஒரு நாள் முன்னதாகச் சிவப்புக்கு இறங்கிவிடும்.

சரி, விலை உச்சத்தில் இருந்த 2022 ஏப்ரலில் நான் வண்டியைக் குறைத்துக்கொண்டேனா? நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். அந்த ஆண்டிலேயே நான் அதிகமாக வண்டி ஓட்டிய மாதம் அதுதான். கணக்கு முடிக்கும் காலம். அலுவலகத்தை விட்டுக் கிளம்பவே எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ரயில் என்னைத் தாம்பரத்தில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடும், மறுக்கவில்லை. அதற்கு மேல்? எங்கள் பக்கம் வரும் பஸ் அந்த நேரத்தில் வந்தால் வரும். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர், பாதித் தெருவிளக்கு எரியாது, நாய்கள் மட்டும் விழித்திருக்கும். லிட்டர் 110 என்ன, 150 ஆனாலும் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்காக நான் அறுபது கிலோமீட்டருக்கும் சேர்த்து வண்டியை எடுத்திருப்பேன்.

மிகக் குறைவாக வண்டி ஓட்டியது எப்போது தெரியுமா? விலை குறைந்திருந்த 2024இல், மே, ஜூன் மாதங்களில். அரசு எதுவும் செய்யவில்லை. என் மகளுக்குக் கல்லூரி விடுமுறை. காலையில் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போவாள். இரவில் போன் செய்தால் வந்து நிற்பாள். இரண்டு மாதமும் பெட்ரோல் செலவு மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். அவளுடைய தேர்வு அட்டவணைதான் எங்கள் வீட்டின் போக்குவரத்துக் கொள்கை.

வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் போகலாமே என்பீர்கள். போகிறேன், வாரத்தில் இரண்டு நாள். எட்டரைக்குள் போனால் இடம் கிடைக்கும். நிறுத்தக் கட்டணம் ரயில் டிக்கெட்டைவிட அதிகம் என்பதைச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம். இடம் இல்லாத நாளில்தான் சிக்கல். ஹெல்மெட் தலையில் இருக்கிறது, வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது, நேரம் போகிறது. அந்த நிமிடத்தில் எழும்பூர் அப்படியொன்றும் தூரமாகத் தெரியாது. கை தானாக வடக்கே திருப்பிவிடும்.

ரயில் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1931 முதல் மின்சாரத்தில் ஓடும் பாதை இது. மாலையில் மகளிர் பெட்டியில் ஏறிப் பாருங்கள். ஒருவர் பட்டாணி உரிப்பார், ஒருவர் மறுநாள் தலைக்குப் பூ கட்டுவார், மாம்பலத்தில் ஏறுகிறவருக்காக ஒரு கைப்பை ஓர் இருக்கையைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று ஆண்டுகளாக ரயிலேறும் நாளெல்லாம் பேசும் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் மாமியாரின் சர்க்கரை அளவு தெரியும். ஸ்கூட்டரில் போகும் நாளில் கத்திப்பாராவைத் தாண்டும்போதெல்லாம் இன்றைக்கு என்ன பேச்சு ஓடுகிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

2025 ஏப்ரலில் ஏசி மின்சார ரயிலையும் விட்டார்கள். நல்ல வண்டி. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 85 ரூபாய். சாதாரண வண்டியில் 10. ஏசி வண்டியில் தினமும் கடற்கரை வரைக்கும் டிக்கெட் எடுத்துப் போய்வந்தால் 170 ஆகிறது. என் ஸ்கூட்டர் பெட்ரோலே அதைவிடக் குறைவு! பத்துக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் ஒரு மனிதர் இருக்க மாட்டாரா?

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. கிளாம்பாக்கத்தைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். 2023 டிசம்பர் 30ஆம் தேதி அங்கே அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். ரயில் பாதை ஒட்டியே போகிறது; வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் மட்டும் அப்போது இல்லை. விழுப்புரத்திலிருந்து விடியற்காலையில் மூட்டையோடு வந்து இறங்கியவர், கண்ணெதிரே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்தார். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை. 2008இல் தொடங்கிய வேலை 15 ஆண்டுக்கு மேல் இழுத்தது. இந்த ஊருக்கும் ஐந்து கிலோமீட்டருக்கும் அப்படி என்ன பகையோ.

2025 செப்டம்பர் 22ஆம் தேதியையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பஸ், மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. அதே நாளில்தான் சிறிய கார்களுக்கும் 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கும் ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. (பஸ்ஸுக்கும்தான் குறைந்தது; அதையும் சொல்லிவிடுகிறேன்.) என் பக்கத்து வீட்டுக்காரர் செயலியையும் இறக்கிக்கொண்டார், காரையும் வாங்கிக்கொண்டார். இப்போது அவர் பயன்படுத்துவது எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெட்ரோல் விலை தெரியாது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதிலிருந்து மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் என்கிறார். அதில்தான் மகனுக்கு டியூஷன். அந்தத் திட்டத்தை 'ஓசி' என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவரும் ஒன்று சொல்வார்: "பணம் கேட்கும் பஸ் மூன்று போகும், நம்முடையது ஒன்று வரும்." அவர் கொடுப்பது காசுக்குப் பதில் நேரம்; நான் கொடுப்பது நேரத்துக்குப் பதில் பெட்ரோல் காசு.

ஆட்டோ ஓட்டுகிறவரிடம் போய்ச் சண்டை போடவும் எனக்கு மனம் வருவதில்லை. அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அப்போது பெட்ரோல் எழுபது சொச்சம். பத்தாண்டுக்கு மேல் அந்த 25 அப்படியே கிடந்தது. மீட்டர் போடச் சொல்லிக் கேட்கும்போது நமக்கே குரல் இறங்கிவிடும்.

அதனால், விலை ஏறினால் ஜனங்கள் தானாகப் பஸ்ஸுக்கு வந்துவிடுவார்கள் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. என் நோட்டில் அப்படி ஒரு மாதம்கூட இல்லை. விலை ஏறினால் நான் ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்தேன், ஒரு தீபாவளிக்குப் புடவை எடுக்கவில்லை, வண்டியைக் குறைக்கவில்லை. எனக்கு வேண்டியது பெரிய பாலமோ புது ஸ்டேஷனோ இல்லை. எங்கள் தெருமுனையிலிருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன பஸ், இரவு பத்தரை வரைக்கும். காசு வாங்கிக்கொள்ளட்டும், கொடுக்கிறேன். 2013 அக்டோபரில் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது சென்னையில் சிற்றுந்துகளை விட்டார்கள். அந்த வண்டியின் பக்கத்தில் வரைந்திருந்த இலை வெறும் இலையா, இரட்டை இலையா என்று நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு எவரும் வழக்குப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது மகளுக்கு மறுபடியும் விடுமுறை, நாளையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலையில் கொண்டுவிட ஆளில்லை. சாயங்காலம் பங்கிற்குப் போனேன். வழக்கம்போல இருநூறு என்று சொல்ல வாயெடுத்தவள், இந்த முறை "இரண்டு லிட்டர் போடுங்கள்" என்றேன். தம்பி ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்வளவு ரூபாய்க்கு மேடம்?" என்றார்.