சுதர்சன் எழுதிய மூன்று பக்கம்

நோபல் அறிவிக்கும் அக்டோபர் பிறந்தால் இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சனின் புகைப்படம் சமூக ஊடகங்களில் சுற்றத் தொடங்கிவிடும். "நோபல் மறுக்கப்பட்ட இந்தியர்" என்று ஒரு வரி, கீழே வரிசையாகக் கோபக் குறிகள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த மனுஷர் என்ன கண்டுபிடித்தார் என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேரளத்தில் கோட்டயம் பக்கத்தில் பள்ளம் என்ற ஊரில் 1931இல் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரி, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையம், பிறகு அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம். அங்கே மாணவராக இருந்தபோதே தன் ஆய்வு வழிகாட்டி மார்ஷாக்குடன் சேர்ந்து, சில அணுக்கருக்கள் தானாகச் சிதையக் காரணமான மென்விசைக்கு அடிப்படை விதியை வகுத்தார். 80களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். அவருடைய ஒளி ஆராய்ச்சிக்கு வருகிறேன், என் மனம் அங்கேதான் நிற்கிறது.

1960இல் லேசர் வந்துவிட்டது. விளக்கின் ஒளியையும் லேசர் ஒளியையும் அணு அளவு உலகத்துக்கான குவாண்டம் கணக்கில் எப்படி ஒன்றாக எழுதுவது என்பது கேள்வி. 1963 ஏப்ரலில் சுதர்சன் மூன்றே பக்கத்தில் ஒரு வழி சொன்னார்: எந்த ஒளியையும் லேசர் போன்ற ஒழுங்கான அலைநிலைகளின் கலவையாக எழுதலாம், ஒவ்வொரு நிலைக்கும் கலவையில் எவ்வளவு பங்கு என்று ஒரு எடை போட்டால் போதும். விளக்கொளிக்கு அந்த எடைகள் குன்று மாதிரிப் பரவிக் கிடக்கும். நல்ல லேசருக்கு எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். இதுவரை சாதாரண நிகழ்தகவுதான், பழைய அலைக்கொள்கையே சமாளித்துவிடும்.

ஆனால் சில வகை ஒளிக்கு அந்த எடை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது! மழை வர பத்துக்கு மூன்று வாய்ப்பு என்று சொல்லலாம். மைனஸ் மூன்று என்று யாராவது சொல்ல முடியுமா? எடை மைனஸாகும் அந்த ஒளியைப் பழைய அலைக்கொள்கையால் விளக்கவே முடியாது. இதைப் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2005இல் இயற்பியல் நோபலின் ஒரு பாதி அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளாபருக்குப் போனது. கிளாபர் தகுதியானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒளியின் ஒத்திசைவுக் கொள்கையை, அதாவது ஒளி எவ்வளவு ஒழுங்கானது என்று அளக்கும் கொள்கையை, விரிவாகக் கட்டியவர் அவர். ஆனால் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த எடை முறையை முதலில் முழுமையாக முன்வைத்தவர் சுதர்சன். அவரே நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அப்படி எழுதியது அழகல்ல என்று சொன்னவர்களோடு நான் உடன்படவில்லை. தன் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்வதில் என்ன கூச்சம்?

அந்த மைனஸ் வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1977இல் கிம்பிள், டேகனே, மாண்டல் என்ற மூன்று இயற்பியலாளர்கள் சோடியம் அணுக்கள் உமிழும் ஒளியை அளந்தார்கள். ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, விட்ட அணு உடனே இன்னொன்றை விடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டே அடுத்தது வந்தது. எடைகள் எல்லாம் பிளஸாக இருந்தால் அந்த இடைவெளி வரவே வராது. சோதனை நடந்ததும் அதே ராச்செஸ்டரில்தான்.