மருதாணி கறுக்காது

முந்தாநாள் அந்த துபாய் ரீல்ஸுக்குக் கீழே நான் போட்ட கமெண்டுக்கு எத்தனை பதில் வந்திருக்கிறது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பாலைவன சஃபாரி கேம்ப்பில், ஒட்டகச் சவாரிக்கும் பார்பிக்யூவுக்கும் நடுவில், ரீல்ஸ் போட்ட தம்பி தன் மகளின் தோளில் கன்னங்கரேலென்று ஒரு தேளை வரையவிட்டு, "நம்ம மருதாணிதான் ப்ரோ, முழுக்க இயற்கை" என்று சிரிக்கிறார். பாப்பாவுக்கு ஐந்து வயது இருந்தால் அதிகம்.

நான் எழுதியது மூன்று வரி. "தம்பி, மருதாணி கறுக்காது. அது ஹேர் டை. பாப்பாவுக்கு உடனே கழுவிவிடுங்க."

அதற்குத்தான் இவ்வளவும். "அக்கா ஓவர் பில்டப்", "வயித்தெரிச்சல்", "பாரம்பரியத்தைக் கேவலப்படுத்துறாங்க". பாரம்பரியமாம். மருதாணி இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, ஆடி மாதத்தில் பத்து விரலுக்கும் தொப்பி போட்டு, ராத்திரியெல்லாம் மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் படுத்துக் கிடந்த ஆள் நான். எனக்கு மருதாணி பாடம் எடுக்கிறார்கள்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். மருதாணி இலையில் இருக்கும் நிறப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். அது தோலின் மேல் அடுக்கில் ஒட்டிக்கொண்டு முதலில் ஆரஞ்சாகத் தெரியும். ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாக ஏறும். அதற்கும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். அரை மணி நேரத்தில் பேனா மை மாதிரி கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அது மருதாணி இல்லை. அதில் பெரும்பாலும் பாரா ஃபினைலின் டையமின் என்ற சாயப்பொருள் இருக்கும், சுருக்கமாக பி.பி.டி. நம் வீட்டு ஆம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை மீசைக்கு அடிக்கிற கறுப்பு டையில் இருக்கும் அதே சாமான்.

"எங்க பாட்டி கையில கறுப்பாத்தான் பிடிக்கும், பித்த உடம்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பாட்டிக்கும் அப்படித்தான் பிடிக்கும். நல்லா சிவந்து சிவந்து நாவல்பழத் தோல் மாதிரி ஆகும். அது கறுப்பு இல்லைங்க. வெயிலில் கையை நீட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியும். இந்தத் தேளில் எங்கே சிவப்பு?

இவ்வளவு எரிச்சல் ஏன் என்று கேட்பவர்களுக்கு. 2019 மே மாதம், பாலி. குட்டா கடற்கரை. மகளுக்கு அப்போது 8 வயது. லேமினேட் செய்த படங்களோடு ஒருவர் மணலில் வந்து உட்கார்ந்தார். ஐம்பதாயிரம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அப்புறம்தான் இந்தோனேசிய ருபியா என்று உறைத்தது. நம் பணத்துக்கு இருநூற்றைம்பதுதான். மகள் டால்பினைத் தொட்டுக் காட்டினாள். இடது முன்கையில் வரைந்தார். கறுப்பாக இருக்கிறதே என்று எனக்கே ஒரு நெருடல். "ஹென்னா, நேச்சுரல்" என்றார். இந்தத் தம்பி சொன்ன அதே வார்த்தை. நான் போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டேன், முப்பது ஹார்ட் வந்தது.

ஒன்பதாம் நாள் திருச்சியில் அரிப்பு தொடங்கியது. பத்தாம் நாள் அந்த டால்பின் மட்டும் தனியாகத் தடித்து எழுந்து நின்றது, வால் துடுப்பு உட்பட. பதினொன்றாம் நாள் கொப்புளம், நீர் வடிந்தது. மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டார்கள். தெருமுனை டாக்டர் படர்தாமரை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்றாவதாகப் போன தோல் டாக்டர் பார்த்த உடனேயே கேட்டார், "எந்த ஊருக்குப் போயிருந்தீங்க?" என்ன பூசினீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. டூர் போய்வந்த கைகளை அவ்வளவு பார்த்திருக்கிறார்.

புண் மூன்று வாரத்தில் ஆறியது. வெள்ளையாக ஒரு டால்பின் மட்டும் தங்கிவிட்டது.

"எனக்கும் போட்டாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று நாற்பது பேராவது எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். உங்களுக்கு ஆக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த அலர்ஜியின் சூதே அதுதான். முதல் தடவை உடம்பு ஒன்றும் சொல்லாமல் ஆளை அடையாளம் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை, பத்து வருடம் கழித்துத் தலைக்கு டை அடிக்கும்போதாக இருந்தாலும், கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கலாம். சிலருக்கு முதல் தடவையிலேயே, ஒன்றிரண்டு வாரம் கழித்து வந்துவிடும். என் மகளுக்கு வந்த மாதிரி. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட ஹேர் டை பெட்டியிலேயே, கறுப்பு ஹென்னா டாட்டூ போட்டிருந்தால் அலர்ஜி ஆபத்து கூடும் என்று அச்சடிக்கிறார்கள். அவர்களுக்கும் வயித்தெரிச்சலா?

"அப்போ தலைக்கு மட்டும் அடிக்கலாமா?" நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவில் தலையில் பூசும்போது பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அரை மணியில் அலசிவிடுவோம், நேரடியாகத் தோலில் பூச அனுமதியே கிடையாது. கடற்கரைக் கலவைகளைப் பரிசோதித்தபோது சிலவற்றில் 15 சதவீதத்துக்கு மேல் இருந்திருக்கிறது. அதைக் குழந்தையின் தோலில் பூசி, காயட்டும் என்று வெயிலில் உட்காரவைக்கிறோம்.

நிஜ மருதாணிக்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, குறைவு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அதுவும் ஆபத்து, ரத்த அணுக்கள் உடையும். அது வேறு கதை.

"ஏழை வியாபாரி பிழைப்புல மண் போடாதீங்க" என்று ஒரு தோழர். தோழரே, பாலியில் என் மகளுக்கு வரைந்த மனிதரின் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்ததை நான் பார்த்தேன். தினமும் அதிலேயே கையை வைப்பவர் அவர். அவருக்காகவும் சேர்த்துத்தான் பேசுகிறேன், நீங்கள் நம்பாவிட்டாலும்.

ஆனால் என்னை உண்மையில் குத்தியது இதெல்லாம் இல்லை. "அம்மா பக்கத்துல தானே இருந்தீங்க, ஏன் விட்டீங்க?" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். அந்த டாட்டூவுக்குக் காசை எடுத்துக் கொடுத்தது குழந்தையின் அப்பா. அவரை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமியார் வீட்டில் ஒரு வருடம் என்னைக் கேட்ட கேள்விதான் இது. வெளியூரில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் அம்மா, ஜுரம் வந்தாலும் அம்மா. போட்டோவுக்கு ஹார்ட் போட்ட முப்பது பேரில் ஒருவராவது "ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?" என்று கேட்டிருக்கலாமே?

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. சரி, இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு "இயற்கை" என்கிறார். என் கமெண்டுக்குச் சிரிக்கிற எமோஜி மட்டும் போட்டார். அந்தப் பாப்பாவின் தோளில் இப்போது மூன்றாம் நாள் நடக்கிறது. ஒன்பதாம் நாளில் அவர் ரீல்ஸ் போடுவாரா என்று தெரியாது.

மகளுக்கு இப்போது 14. பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு எல்லாப் பெண்களும் முடியில் ஒரு கற்றைக்குக் கலர் அடிக்கிறார்கள், இவளுக்கு மட்டும் இல்லை. டாக்டர் சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் எழுதினால் முதலிலேயே சொல்ல வேண்டும், பல் டாக்டர் ஈறு மரத்துப்போகத் தடவுகிற ஜெல்லுக்கும் சொல்ல வேண்டும். பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இவையும் ஒத்துக்கொள்ளாதாம். பர்ஸில் சீட்டு வைத்திருக்கிறாள்.

நேற்று ராத்திரி என் போனை வாங்கி அந்த கமெண்டுகளையெல்லாம் அவளே படித்தாள். "உங்க பொண்ணுக்கு ஸ்கின் வீக், அதுக்கு மருதாணி என்ன பண்ணும்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சாட்சிக்கு என்று நான் அங்கே போட்டிருந்த அவள் கையின் போட்டோவைக் காட்டி, "இதை மட்டும் எடுத்துடும்மா" என்றாள்.

எடுத்துவிட்டேன். கமெண்ட் அங்கேயேதான் இருக்கிறது.