எல்லாத்துக்கும் லவ்கிராஃப்டா?

திகில் தொடரில் வாயில் நுழையாத பெயர் ஒன்று வந்துவிட்டால் போதும், உடனே 'லவ்கிராஃப்ட் ரெஃபரன்ஸ்' (அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டிடமிருந்து எடுத்தது) என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஆண்டைச் சரிபார்த்தாலே பாதி முத்திரைகள் உதிர்ந்துவிடும்.

'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசனை (2014) எடுங்கள். அதன் மஞ்சள் அரசன், ராபர்ட் சேம்பர்ஸின் 'தி கிங் இன் யெல்லோ' (1895) தொகுப்பிலிருந்து வந்தவன். அப்போது லவ்கிராஃப்டுக்கு வயது நாலோ ஐந்தோ. அவர் அந்தத் தொகுப்பைப் படித்ததே 1927இல்தான். பிறகு 1931இல் வெளியான ஒரு கதையில் அதன் பெயர்கள் சிலவற்றைத் தூவினார், அவ்வளவே. அதே சீசனில் வரும் கார்கோசா என்ற பெயரோ சேம்பர்ஸுக்கும் சொந்தமில்லை. ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1886இல் எழுதிய சிறுகதையிலிருந்து வாங்கிய இரவல்.

(சேம்பர்ஸைத் தேடிப் படிக்கப் போகிறவர்களுக்கு: பத்துக் கதைகளில் முதல் நான்கு போதும். தொகுப்பின் பெயரையே கொண்ட, படித்தவரைப் பித்தாக்கும் கற்பனை நாடகம் அவற்றில்தான் வருகிறது. பின்பாதியில் பெரும்பகுதி பாரிஸ் ஓவிய மாணவர்களின் காதல். பேய்க்கதை என்று நம்பி வாங்கியவர்கள் கடுப்பாவது அங்கேதான்.)

ஒரே ஒரு பெயர் ஒத்துப்போவதை நம்பாதீர்கள். அதே மூலத்தின் இன்னொரு சரக்கும் கூடவே வர வேண்டும். ட்ரூ டிடெக்டிவில் மஞ்சள் அரசன், கார்கோசா, கருப்பு நட்சத்திரம் மூன்றும் சேர்ந்தே வருகின்றன, சந்தேகத்துக்கு இடமில்லை. கடல் அசுரனின் வளைந்து நெளியும் கைகள் மட்டும் லவ்கிராஃப்டுக்குச் சாட்சியாகாது. ஜூல்ஸ் வெர்னின் நாவலில் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலை ராட்சதக் கணவாய்கள் வளைத்தது லவ்கிராஃப்ட் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே.

பேட்மேன் காமிக்ஸில் வரும் ஆர்க்காம் மனநலக் காப்பகம் வேறு வகை. டென்னிஸ் ஓ'நீல் எழுதிய 258ஆம் இதழில் (1974) அது 'ஆர்க்காம் மருத்துவமனை'யாக அறிமுகமானது. பிற்காலத்தில் அமேடியஸ் ஆர்க்காம் என்று ஒரு நிறுவனரையும் படைத்துவிட்டார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் அந்தக் கதையிலேயே திருப்தியடைந்து நின்றுவிடுகிறார். ஆனால் லவ்கிராஃப்டின் ஆர்க்காம் நகரத்திலேயே ஒரு மனநலக் காப்பகம் இருக்கிறது, 'தி திங் ஆன் த டோர்ஸ்டெப்' கதையில். ஊர், காப்பகம் இரண்டும் பொருந்துவதால் இதை ஏற்கலாம்.

தலைகீழ் ஓட்டமும் உண்டு. லவ்கிராஃப்ட் கற்பனையில் படைத்த மந்திரப் புத்தகமான நெக்ரோனமிக்கானுக்கு மனிதத்தோல் அட்டை என்று பலர் சொல்வது 'ஈவில் டெட்' படங்களின் உபயம். லவ்கிராஃப்ட் அப்படி எழுதவே இல்லை. முதல் படத்தில் (1981) அந்தப் புத்தகத்துக்கு அந்தப் பெயரே கிடையாது. 1987இல் வந்த இரண்டாம் படத்தில்தான் நெக்ரோனமிக்கான் ஆனது.

இந்த ஆண்டுக் கணக்கில் லவ்கிராஃப்டே மாட்டுகிறார். 'சார்லஸ் டெக்ஸ்டர் வார்ட்' குறுநாவலில் 1746இல் ஒருவர், 'கானூன்-இ-இஸ்லாம்' என்று பெயர் ஒட்டிய புத்தகத்தை எடுத்துத் திறக்கிறார்; உள்ளே இருப்பது நெக்ரோனமிக்கான். கானூன்-இ-இஸ்லாம் நிஜப் புத்தகம். தக்காணத்து ஜாஃபர் ஷரீஃப் எழுதி, மெட்ராஸ் ராணுவ மருத்துவப் பணியிலிருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலமாக்கியது. லண்டனில் அச்சானது 1832இல், அதாவது கதையில் அலமாரி ஏறி 86 வருடம் கழித்து!