கீழ சொட்டலைன்னா ஹெட் கேஸ்கெட்தான்னு இல்லண்ணே
"கூலண்ட் குறையுது, கீழ ஒரு சொட்டு கூட இல்ல, அப்ப ஹெட் கேஸ்கெட் போச்சு, இஞ்சினப் பிரிங்க"ன்னு மேல ஒருத்தர் போட்டுருக்காரு, அவசரப்படாதீங்கண்ணே. (கூலண்ட்னா இஞ்சினக் குளுர வைக்கிற தண்ணி, ஹெட் கேஸ்கெட்னா இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல உள்ள சீல்.) சின்னக் கசிவுன்னா இஞ்சின் சூட்டுலயே ஆவியாயிரும், தரைக்கு வராது, அதுலயும் நம்ம மதுரை வெயிலுக்கு கேக்கவே வேணாம். என் வண்டில திருமங்கலம் போய்ட்டு வந்தாலே கூலண்ட் டேங்க்ல மட்டம் இறங்கும், கடைசில பாத்தா வாட்டர் பம்புக்கு அடில உள்ள சின்ன ஓட்டைக்குக் கீழ பச்சையா உப்புப் பூத்த மாதிரி காஞ்சு கெடக்கு, கசிவு அங்கதான்.

மொதல்ல இஞ்சின் ஆறுனப்பறம் பிரஷர் டெஸ்ட் (கூலண்ட் ஓடுற பாதைல காத்தழுத்தம் குடுத்து எங்க கசியுதுன்னு பாக்குறது) பண்ணச் சொல்லுங்க. முன்சீட்டுக் கார்பெட்டும் ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாருங்க, ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள்ள கூலண்ட் ஓடுற குட்டி ரேடியேட்டர்) ஒழுகுனா இனிப்பு வாடை அடிக்கும், ஏசி தண்ணின்னா அடிக்காது. இதெல்லாம் சுத்தமா இருந்து, சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வந்தா, இல்ல ஆயில் பால் டீ மாதிரி கலங்கிருந்தா அப்பக் கேஸ்கெட்ட சந்தேகப்படுங்க. சூட்டோட மட்டும் ரேடியேட்டர் மூடியத் தொறந்துராதீங்க, என் மச்சான் கை வெந்துபோச்சு.